திசைகாட்டியை மறக்கலாமா?

"கையில் கைப்பேசி இருக்கக் காந்த ஊசி எதற்கு?" என்று நம்மில் பலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நாம் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் பிழைக்குள் அறியச் செய்கின்றன. ஆயினும், அத்தனை தொலைவு கடந்து வரும் சைகை மிக மெலிந்தது. அதே அலைவரிசையில் ஒருவர் தரையிலிருந்து இரைச்சலை எழுப்பினால் அது அமுங்கிப் போகும்.

இது வீண் அச்சமன்று. 2024 ஏப்ரலில் எஸ்தோனியா நாட்டின் தார்த்து நகருக்குச் சென்ற பின்லாந்து விமானங்கள் இரண்டு, சைகை குலைக்கப்பட்டதால் இறங்க இயலாமல் ஹெல்சின்கிக்கே திரும்பின. பின்னர் ஒரு மாத காலம் அச்சேவை நிறுத்தப்பட்டது. அங்கு இறங்கும் முறை ஜி.பி.எஸ்ஸையே நம்பியிருந்தது. மாற்று வழி அமைத்த பிறகே விமானங்கள் மீண்டும் சென்றன.

பூமியின் காந்தப்புலத்தையோ எவரும் அணைத்துவிட முடியாது. பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600-இல் வில்லியம் கில்பர்ட் எழுதினார். புறக்கருவில் உருகிய இரும்பு ஓடுவதால் அப்புலம் உண்டாகிறது என்பதை இன்று அறிவோம். பாறைகளிலுள்ள காந்தக் கனிமங்களால் இடத்துக்கு இடம் அதில் நுண்ணிய வேறுபாடுகளும் உண்டு. அவற்றை முன்னதாகவே அளந்து வரைபடமாக்கினால், விமானம் தான் அளப்பதை அதனோடு ஒப்பிட்டு இருக்குமிடத்தை அறியலாம். 2023 மே மாதம் அமெரிக்க விமானப்படை சி-17 விமானத்தில் இதைச் சோதித்துக் காட்டியது.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஊசி மட்டும் திசையைக் காட்டுமே தவிர இடத்தைக் காட்டாது. அருகில் இரும்பு இருந்தால் தடுமாறும். காந்த வடதுருவமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1831-இல் கனடாவின் வடகோடியில் கண்டறியப்பட்ட அது சைபீரியாவை நோக்கி நகர்ந்து வந்துள்ளது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும் உலகக் காந்த மாதிரியை 2019-இல் காலத்துக்கு முன்பே திருத்த நேர்ந்தது. ஆகவே, காந்தத்தை நம்புகிறவருக்கும் கணக்கும் வரைபட அறிவும் இன்றியமையாதவை.

எனவே, புவியியல் பாடத்தில் திசைகாட்டி வெறும் படமாக இருந்தால் போதாது என்பது என் கருத்து. ஒவ்வொரு மாணவியும் அதைக் கையில் ஏந்தி, வரைபடத்தை விரித்து, வடக்கைப் பொருத்தி, வழி கண்டறியப் பழக வேண்டும். வெளியூர்ப் பயணங்களில் பெற்றோரும் இப்பயிற்சிக்கு இடந்தரலாம். கைப்பேசியைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரு துணை தவறும்போது மற்றொரு துணை வேண்டும் என்றே சொல்கிறேன். தோழியரே, அந்தத் துணையை ஆபத்து வந்த பிறகு தேடாமல் இன்றே கற்றுக்கொள்வோம்!