விரலுக்குத் தெரிந்த ஆட்டம்

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘கடக்’ என்று ஒரு சத்தம். கேட்ட மாத்திரத்தில் ‘ஸ்டீயரிங் ராக்கையே மாத்தணும் சார்’ என்கிற பட்டறைகள் பெருகிவிட்டன. என் பழைய காருக்கும் அந்தத் தீர்ப்புதான் கிடைத்தது. மனசு கேட்காமல் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். பெரியவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. பையனை ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு, பெடல்களுக்கு மேலே தலையை நுழைத்து, தண்டு வளைந்து இறங்கும் இடத்திலிருந்த யுனிவர்சல் ஜாயின்ட்டை விரல்களால் பற்றிக்கொண்டார். என் விரலையும் இழுத்து வைத்தார். மேல் தண்டு திரும்பி, ஒரு கணம் பிந்தித்தான் கீழ்த் தண்டு நகர்ந்தது. நகக்கண்ணில் சின்னதாக ஒரு துடிப்பு. உள்ளே சிலுவைத் துண்டைத் தாங்கும் ஊசி பேரிங்குகள் கிரீஸ் வறண்டு தேய்ந்திருந்தன. ஜாயின்ட்டைக் கழற்றும் முன் அவர் சக்கரங்களை நேராக்கி, ஸ்டீயரிங் சுழலாதபடி சீட் பெல்ட்டால் இறுகக் கட்டியதை மறக்க முடியாது. தண்டை விட்டுப் பிரிந்த ஸ்டீயரிங் கண்டபடி சுற்றினால், ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா அறுந்துவிடும். தேய்ந்த ஜாயின்ட்டில் வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் மட்டும் யாரும் வண்டியை விடாதீர்கள்; ஸ்டீயரிங் தண்டு உயிர் சம்பந்தப்பட்டது. மோதலில் ஓட்டுநரின் நெஞ்சில் ஈட்டியாகப் பாயாமல் மடங்கிக்கொடுக்கும் ஸ்டீயரிங் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967 மாடல் கார்களில் கொண்டுவந்தது. அதற்கு முன் எத்தனை உயிர்கள் போயிருக்கும்! என் காரின் ராக் இன்னும் பழையதுதான். ஜாயின்ட்டை மட்டும் மாற்றியதிலேயே சத்தம் நின்றுவிட்டது.