பாலைச் சோதிக்கிறோம், சாணத்தைச் சோதிக்கிறோமா?

கெடார், காணை பக்கத்து ஊர்களில் சிறு விவசாயிக்குக் கறவை மாடுதான் கைச்செலவுக்குக் காசு தருகிறது. பால் சங்கத்தில் காலையும் மாலையும் கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று பார்த்த பிறகே பாலுக்கு விலை போடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே மாட்டின் கன்று நான்கு நாள் கழிந்து செத்துப் போனால், எந்த நோயால் செத்தது என்று நாம் பார்ப்பதில்லை. "கழிச்சலில் போய்விட்டது" என்று சொல்லிப் புதைத்து விடுகிறோம். அடுத்த கன்றும் அதே கொட்டகையில், அதே கயிற்றில் கட்டப்படுகிறது.

கழிச்சல் என்பது ஒரு நோயின் பெயரல்ல. பல நோய்களுக்கு அது ஓர் அறிகுறி. அவற்றுள் மிகக் கொடியது சால்மோனெல்லா என்ற கிருமியால் வருவது. 1885ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சால்மனின் ஆய்வுக் கூடத்தில் இக்கிருமி பன்றியிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதனால் அவர் பெயரையே பெற்றது. இன்று இதில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. மாடுகளை அதிகம் தாக்குபவை டைபிமூரியம், டப்ளின் என்ற இரண்டு வகைகள்.

பெரும்பாலும் 2 வாரம் முதல் 2 மாதம் வரையுள்ள கன்றுகளையே இந்நோய் பீடிக்கிறது. காய்ச்சல் 105 டிகிரிக்கு மேல் ஏறும். கன்று பால் குடிக்காது. சாணம் தண்ணீராகவும், பொறுக்க முடியாத நாற்றத்துடனும், சளியும் இரத்தமும் கலந்தும் போகும். கண் குழி விழும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மடிந்தே நிற்கும். பெரிய மாடுகளில் காய்ச்சலும் கழிச்சலும் கண்டு பால் திடீரென்று குறையும். சினை மாடு கன்று வீசுவதும் உண்டு.

பிறந்த முதல் வாரத்தில் காய்ச்சல் இல்லாமல் வரும் வெள்ளைக் கழிச்சல் வேறு. மூன்று வாரத்துக்குப் பின் இரத்தமாகப் போகும் காக்சிடியா நோய் வேறு. குடற்புழுவாலும் கழியும். இவற்றை வெறும் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்வது மருத்துவருக்கே கடினம். சாணத்தை ஆய்வுக் கூடத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். நோயுற்ற மாடு எல்லா நாளும் கிருமியை வெளியேற்றாது என்பதால் ஒரு முறை பார்த்து இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கன்று இறந்து விட்டால் புதைப்பதற்கு முன் மருத்துவரை அழைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஈரலும் பித்தப்பையும் பல செய்திகளைச் சொல்லும்.

இங்கேதான் நம்மவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். கன்று கழிந்ததும் மருந்துக் கடைக்கு ஓடி, கிடைத்த மாத்திரையை இரண்டு வேளை கொடுத்து, சற்றுத் தேறியதும் நிறுத்தி விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இதனால் ஆய்வில் கிருமி அகப்படாமல் போகிறது. அரைகுறை மருந்துக்குப் பழகிய கிருமி அடுத்த முறை அம்மருந்துக்கு மசியாது. கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க 2019இல் மத்திய அரசு தடை விதித்ததும் இந்த அச்சத்தால்தான். எனவே முதலில் சாண மாதிரி, பிறகு மருத்துவர் சொல்லும் மருந்து, அதுவும் சொன்ன நாள் வரை என்ற வரிசை மாறக் கூடாது. மருத்துவர் வரும் வரை உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அளவுப்படி நீரில் கரைத்துப் பாலுடன் கலக்காமல் தனியாகப் புகட்டலாம். கழியும் கன்று பெரும்பாலும் நீர் வற்றியே சாகிறது.

வெக்கை நோயைத் தடுப்பூசி போட்டு விரட்டினோம். 2011இல் அந்நோய் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோமாரிக்கு இன்றும் ஊசி முகாம் நடக்கிறது. சால்மோனெல்லாவுக்கு அப்படி ஒரு முகாம் நம் ஊர்களில் இல்லை. எனவே கொட்டகையின் சுத்தமே நமக்குத் தடுப்பூசி. சந்தையில் வாங்கிய மாட்டை 3 அல்லது 4 வாரம் தனியே கட்டுங்கள். பார்வைக்கு நல்ல மாடாக இருந்தும் கிருமியைச் சுமந்து வரக் கூடும். பிறந்த கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலை முதல் நாளிலேயே கொடுங்கள். அதில் பாதி முதல் சில மணி நேரத்துக்குள் போக வேண்டும். நல்ல கன்றுகளைக் கவனித்த பிறகே நோய்க் கன்றிடம் போங்கள். சாணத்தைச் சுரண்டிக் கழுவிய பிறகுதான் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யும். சாணத்தின் மேல் தூவினால் வீண். தவிட்டையும் புண்ணாக்கையும் எலி அண்டாமல் மூடி வையுங்கள்.

இது மாட்டோடு நிற்கும் நோயுமல்ல. மனிதருக்கு வரும் டைபாய்டு மாட்டிலிருந்து வருவதில்லை. ஆனால் இக்கிருமிகள் மனிதருக்கும் காய்ச்சலையும் பேதியையும் தரும். குழந்தைகளும் முதியோரும் அதிகம் பாதிக்கப்படுவர். 1985இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஓர் ஆலையிலிருந்து விற்பனைக்குப் போன பாலால் 16,000 பேருக்கு மேல் இந்நோய் உறுதி செய்யப்பட்டது. ஆலைப் பாலுக்கே அந்தக் கதி என்றால் பச்சைப் பால் குடிப்பதை என்னவென்று சொல்வது? பாலைக் காய்ச்சியே குடியுங்கள். நோய்க் கன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோயுற்ற மாட்டின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள்.

விவசாயிக்கு இவ்வளவு சொல்லும்போது மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். ஒரு கன்றின் சாணத்தை எடுத்துக் கொண்டு, கூலி வேலையை விட்டு விட்டு, பஸ் ஏறி ஆய்வுக் கூடத்துக்கு எந்தச் சிறு விவசாயி போவார்? 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வருகிறது. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் விழுப்புரத்திலேயே இருக்கிறது. கிருமியின் வகையைக் கண்டு சொல்ல இஸத்நகரில் தேசிய மையமும் உண்டு. இத்தனை இருந்தும் மாதிரி நம் தெருவை விட்டுப் புறப்பட வழி இல்லை. ஒவ்வொரு பால் சங்கத்திலும் சுத்தமான மாதிரிக் குப்பிகள் சில இருக்கட்டும். குளிரூட்டும் நிலையத்துக்குப் போகும் பால் வண்டியில் ஒரு பனிக்கட்டிப் பெட்டியில் தனியே அவை போகட்டும். கால்நடைத் துறை அங்கிருந்து வாங்கி, கட்டணமின்றிச் சோதித்து, முடிவைச் சங்கத்துக்கே சொல்லி அனுப்பட்டும். பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல இது.

இன்றைய கிடேரிக் கன்றுதான் மூன்று ஆண்டு கழித்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றப் போகும் பசு. அடுத்த சங்கக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும்.