நாத்தான்வேலின் சந்தேகமும் நம் பிள்ளைகளின் அனிமேயும்

தியானப் பகுதி: யோவான் 1:45-51



நாசரேத்து என்ற பெயரைக் கேட்டவுடனே நாத்தான்வேல் மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டான். அந்த ஊரிலிருந்து நல்லது எதுவும் வராது என்பது அவன் எண்ணம். பிலிப்பு அவனோடு வாதாடவில்லை. நேரில் பார்க்கும்படி அழைத்தான். நாத்தான்வேல் எழுந்து போனான். அவனுடைய மேன்மை அங்கேதான் இருக்கிறது. சந்தேகப்பட்டது குற்றமல்ல, பார்க்க மறுத்திருந்தால் அதுவே குற்றமாகியிருக்கும்.

இந்தப் பகுதியை இவ்வாரம் எடுத்ததற்குக் காரணம் உண்டு. கிறிஸ்தவப் பிள்ளைகள் பார்க்கக் கூடாத ஜப்பானியத் தொடர்கள் என்று ஒரு பட்டியல் நம் வாட்ஸ்அப் குழுவில் வலம் வந்தது. அதை வாசித்த ஒரு தகப்பனார், தம் மகன் ஓராண்டாக வரைந்து நிரப்பியிருந்த ஓவிய நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டார். அந்த வாலிபன் மூன்று ஞாயிறாக ஆராதனைக்கு வரவில்லை. தகப்பனாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பட்டியலை அனுப்பியவர்களிடம், இவற்றுள் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றையும் பார்க்கவில்லை என்றார்கள்.

நான் பார்த்திருக்கிறேன், விரும்பியே பார்க்கிறேன். ஆகவே பேசக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பட்டியலில் முதலாவது 'டீமன் ஸ்லேயர்'. அதன் 'இன்ஃபினிட்டி காஸில்' திரைப்படம் 2025 செப்டம்பரில் தமிழிலும் தெலுங்கிலும் குரல் கொடுக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. இரு மொழியும் புழங்கும் நம் திருத்தணி வீடுகளுக்கு அது எளிதில் எட்டியதில் வியப்பில்லை. பெயரில் பேய் இருப்பதால் அது பேயின் படம் என்கிறோம். கதையோ வேறு. கரி விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் தான்ஜிரோ, வீடு திரும்பும்போது தன் குடும்பத்தார் கொல்லப்பட்டிருப்பதைக் காண்கிறான். உயிர் எஞ்சிய தங்கை நெசுகோ பேயாக மாறிக்கொண்டிருக்கிறாள். அவளை மீண்டும் மனிதப்பிறவியாக்கவே அவன் வாளெடுக்கிறான். பேய்களை வெட்டுகிறான், ஆனால் சாகிற பேய்க்காகவும் மனம் கசிகிறான், அதுவும் ஒரு காலத்தில் மனிதனாயிருந்தது என்பதால். திரைப்படத்தில் வரும் அகாசா என்னும் கொடியவன், முன்பு நோயுற்ற தகப்பனின் மருந்துக்காகத் திருடிய சிறுவன். பாவத்தை வெறுத்துப் பாவிக்காக அழவேண்டும் என்று நாம் எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறோம்! நம் பிள்ளை அதற்காகத் திரையரங்கில் அழுதான். நாம் அவன் நோட்டை எரித்தோம்.

இரண்டாவது 'டெத் நோட்'. பெயர் எழுதினால் அந்த ஆள் சாகும் ஒரு நோட்டு லைட் யாகமி என்ற மாணவன் கையில் கிடைக்கிறது. குற்றவாளிகளை ஒழிப்பதாகத் தொடங்கியவன், புதிய உலகத்துக்குத் தானே கடவுள் என்று நினைக்கத் துணிகிறான், முடிவில் அழிகிறான். ஏதேன் தோட்டத்துச் சோதனைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த நோட்டுக்கு ஒரு விதி உண்டு. எழுதுகிறவன் மனத்தில் அந்த ஆளின் முகம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எழுதியும் பலிக்காது. நம் பட்டியலுக்கு அந்த விதிகூட இல்லை. முகம் அறியாமலே பெயர்களை எழுதிவிட்டோம்.

ஜப்பானிலிருந்து நன்மை வருமா என்று கேட்கிறீர்களா? வேதாகமக் கதைகளைச் சொல்லும் 'சூப்பர்புக்' தொடரை அறிவீர்கள். 1981இல் அதன் முதல் வடிவத்தை, ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவத் தொலைக்காட்சி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது தட்சுனோகோ என்ற ஜப்பானிய அனிமே நிறுவனமே. நாசரேத்தைப் பற்றிய நாத்தான்வேலின் கணக்கு தவறியதுபோல் நம் கணக்கும் தவறுகிறது.

மூப்பர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. முத்து காமிக்ஸ் 1972இல் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். அதை வாசித்ததால் நம்மில் ஒருவரும் மந்திரவாதி ஆகிவிடவில்லை.

இன்னொன்றையும் எண்ணுங்கள். இந்த மலையடிவாரத்தில் நாம் சிறு மந்தை. நம் ஆலயத்துக்குள் ஒருநாளும் வராதவர்கள் நம்மைக் குறித்துப் பேசும்போது நமக்கு வலிக்கிறது. வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும் என்கிறோம். நமக்கு நாம் கேட்கிற நீதியை நம் பிள்ளைகளுக்கு மறுக்கலாமா?

எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. மேற்சொன்ன இரண்டும் சிறுபிள்ளைகளுக்கானவை அல்ல. முதலாவதில் இரத்தம் மிகுதி. பெண்ணின் உடலைத் தூண்டிலாக வரைகிற தொடர்களும் உண்டு. வாலிபரே, விடியும்வரை பார்த்துவிட்டு ஆராதனையில் உறங்குவதும், கற்பனைத் தோழனுக்காக அழுதுவிட்டுப் பக்கத்து வீட்டுத் துயரத்தைக் கடந்துபோவதும் விக்கிரக ஆராதனையின் தொடக்கமே. லைட் யாகமியை வீரனென்று கொண்டாடுகிறாயானால், உன்னோடு நான் நெடுநேரம் பேசவேண்டியிருக்கிறது. ஆனால் இவற்றையெல்லாம் பார்த்தவன் சொன்னால்தான் பிள்ளை கேட்பான். பவுல் அத்தேனே பட்டணத்தைச் சுற்றிப் பார்த்த பின்னரே பேசினான். அந்த ஊர்க் கவிஞர்களையும் அறிந்திருந்தான். தானியேல் கல்தேயரின் எழுத்தைக் கற்றான். ராஜாவின் போஜனத்தையோ மறுத்தான். கற்றுத் தேர்ந்தவனுக்கே எதை மறுப்பது என்று தெரியும்.

ஆகவே பெற்றோரே, இவ்வாரம் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து ஓர் அத்தியாயமாவது பாருங்கள். முடிந்ததும் பிரசங்கம் செய்யாதீர்கள். இதில் உனக்கு யாரைப் பிடிக்கிறது, ஏன் என்று மட்டும் கேளுங்கள். உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படுகிறான், எதை நம்புகிறான் என்பது அந்தப் பதிலில் தெரியவரும்.

அந்தத் தகப்பனார் புதிய ஓவிய நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், கொடுக்கத் தயங்குகிறார். ஐயா, ஞாயிறுவரை காத்திருக்கவேண்டாம். இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

ஜெபம்: அத்திமரத்தின்கீழ் இருந்த நாத்தான்வேலை முன்னமே கண்ட ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளைத் தீர்ப்பதற்கு முன்பு அவர்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.