சுவத்துக்குள்ள போன ஒயரும் ஒரு ஆணியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். ஹோம் தியேட்டர் ஒயரை எப்படி மறைக்கிறதுங்கிறதைப் பத்தி. "இதெல்லாம் ஒரு விஷயமாய்யா?"ன்னு கேட்டுராதீங்க. எங்க வீட்ல ஒரு பெரிய விபரீதம் ரெண்டு இஞ்சுல தப்பிச்சுச்சு. முதல்ல கதை, அப்புறம் என் கட்சி.

2009-ல சின்னமனூர்ல வீடு கட்டினோம். ஹாலுக்கு ஒரு 5.1 செட் வாங்கணும்னு அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். இளையராஜா பொறந்த பண்ணைப்புரம் எங்க வீட்ல இருந்து பைக்ல போற தூரம். மண்பானைக்குள்ள ஸ்பீக்கரைக் கவுத்து வச்சு 'பேஸ்' கேட்ட தலைமுறை அவரு. பஸ்ல ஏறுறதுக்கு முன்னாடி எந்த பஸ்ல செட் நல்லா இருக்கும்னு பாத்து ஏறுன ஆளுக நாங்க. அதனால சவுண்டுல எங்க ஊர்ல யாரும் சமரசம் பண்றதில்ல :-)

ஆனா அப்பா போட்ட நிபந்தனை ஒண்ணே ஒண்ணு: "ஒரு ஒயர் கண்ணுல படக்கூடாது." சுவத்துல காடி வெட்டியாச்சு. மறுநாள் பூச்சு. பைப் வாங்கிட்டு வர நேரமில்லன்னு எலக்ட்ரீஷியன் ஸ்பீக்கர் ஒயரை அப்படியே காடிக்குள்ள வச்சு நாலு ஆணியில நிறுத்திட்டாரு. அது மேல கொத்தனார் பூசிட்டாரு. பின் ஸ்பீக்கருக்குப் போற ஒயரை மட்டும் மிச்சம் பிடிக்கிறேன்னு குறுக்கால, சாய்வா இழுத்திருந்தாங்க. வேலை முடிஞ்சப்ப ஹால் பளிச்சுன்னு இருந்துச்சு. வர்றவங்க எல்லாம் "ஒயரே இல்லாம எப்படிங்க பாடுது?"ன்னு கேப்பாங்க. அப்பாவுக்குப் பெருமை தாங்காது.

அந்த ஒயர் எங்கிட்டு போகுதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளும் அவருதான்.

2018-ல அப்பா போயிட்டாரு. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் மாட்டணும். அம்மா ஹால்ல ஒரு இடத்தைக் காட்டி "இங்க மாட்டுப்பா"ன்னாங்க. நான்தான் கான்கிரீட் ஆணியை அடிச்சேன். படத்தை மாட்டி, சீரியல் லைட் போட்டு, மாலையும் போட்டாச்சு. செட்டைத் தொடுற மனசு யாருக்கும் வரல.

ரெண்டு மாசம் கழிச்சு அம்மாவே "அவருக்குப் பிடிச்சதைப் போடேன்"ன்னாங்க. ஆன் பண்ணேன். டக்குன்னு ஒரு சத்தம், ஆம்ப் அணைஞ்சுருச்சு. மறுபடி போட்டா 'புரொடெக்ட்'னு காட்டுது. ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயரா கழட்டிப் பாத்ததுல இடது பின் ஸ்பீக்கர் லைன்லதான் கோளாறு. ஸ்பீக்கரைக் கழட்டிட்டு மீட்டர் வச்சா ரெண்டு ஒயரும் ஒட்டிக்கிட்டு நிக்குது. எங்கன்னு தேடிப் போனா... அப்பா படம் தொங்குற ஆணி.

எலக்ட்ரீஷியன் தம்பி பூச்சைக் கொஞ்சம் தட்டிப் பாத்துட்டு என் முகத்தைப் பாத்தாரு. "அண்ணே, ரெண்டு இஞ்சு தள்ளி அடிச்சிருந்தீங்கன்னா ஏசி லைனு." அம்மா தினமும் குளிச்சுட்டு ஈரக்கையோட வந்து அந்த ஆணியிலதான் பூச்சரத்தை மாட்டுவாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

இப்ப என் கட்சி. ஒயரை மறைக்கிறது தப்பே இல்லீங்க. அடுத்து வர்றவனுக்குத் தெரியாம மறைக்கிறதுதான் தப்பு. சுவர் அம்பது வருஷம் நிக்கும். ஒயர் போன பாதை தெரிஞ்ச ஆளு அதுவரைக்கும் இருப்பாரா? வீட்டை வித்துட்டா? வாடகைக்கு விட்டா? அழகுக்காக நாம மறைக்கிற ஒவ்வொரு ஒயரும் பின்னாடி ஆணி அடிக்கப் போற யாரோ ஒருத்தருக்கு நாம வைக்கிற கடன்.

எங்க பள்ளத்தாக்குல திராட்சைப் பந்தல் பாத்திருப்பீங்க. கல்லுக்கால் நட்டு, மேல கம்பியை வலையா இழுத்துக் கட்டியிருப்பாங்க. கொடி ஏறினப்புறம் கம்பியே தெரியாது, இலைதான் தெரியும். ஆனா ஒரு கம்பி தொய்ஞ்சா தோட்டக்காரர் கையை நீட்டி இறுக்கிருவாரு. கண்ணுக்குத் தெரியக்கூடாது, கைக்கு எட்டணும். வீட்டு ஒயரும் அப்படித்தான் இருக்கணும்.

கட்டிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட சில விஷயம்:

பைப் இல்லாம ஒரு ஒயரும் பூச்சுக்குள்ள போகக்கூடாது. ஸ்பீக்கருக்கு முக்கால் இஞ்ச் பைப் போதும். ஆனா ஆம்ப்ல இருந்து டிவிக்குப் போற எச்டிஎம்ஐ கேபிளோட தலை பெருசு, வளைவுல அந்தப் பைப்புல நுழையாது. அதுக்கு ஒண்ணேகால், ஒண்ணரை இஞ்ச் பைப்பா போட்டுருங்க. எச்டிஎம்ஐ கேபிள் காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டே இருக்கு, எப்படியும் ஒருநாள் உருவி வேற போடணும். அதனால கூர்மையான எல்போ வேண்டாம், பெரிய வளைவா இருக்கட்டும். பைப்புக்குள்ள ஒரு நைலான் கயிறையும் விட்டு வைங்க.

கரண்டு லைனும் ஸ்பீக்கர் ஒயரும் ஒரே பைப்புல போகவே கூடாது. இடையில ஒரு அடியாவது விடுங்க. குறுக்க தாண்டித்தான் ஆகணும்னா நேர் செங்குத்தா தாண்டுங்க. சப்ஊஃபருக்குப் போற சிக்னல் ஒயர் கரண்டு லைனை ஒட்டியே போனா 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் வர வாய்ப்பு அதிகம். டிவியோட பவர் கார்டையும் சுவத்துக்குள்ள பூசாதீங்க. டிவிக்குப் பின்னாடியே ஒரு பிளக் பாயிண்ட் வச்சுக்கங்க.

ஒயர் எப்பவும் நேரா மேல, கீழ, இல்ல பக்கவாட்டுல. சாய்வா வேண்டவே வேண்டாம். நேரா போனாத்தான் ஸ்விட்ச் பாக்ஸைப் பாத்து பின்னாடி வர்றவன் ஊகிக்க முடியும்.

12க்கு 16 ஹால்ல ஆம்ப்ல இருந்து பின் ஸ்பீக்கருக்குச் சுவரை ஒட்டிச் சுத்திப் போனா 30 அடிக்கு மேல ஆயிரும். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போதும். 30 அடிக்குப் போக வர சேத்தே கால் ஓம் கூட வராது, 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனா செம்புதானான்னு சுரண்டிப் பாத்து வாங்குங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு முலாம் பூசின அலுமினியம்.

"அதான் ஒயர்லெஸ் வந்துருச்சே"ம்பீங்க. அந்தப் பின் ஸ்பீக்கருக்கும் கரண்டு வேணும்ல? ஸ்பீக்கர் ஒயர் போய் பிளக் ஒயர் வந்துச்சு, அவ்வளவுதான் :-)

வீடு கட்டி முடிச்சவங்க, வாடகை வீட்ல இருக்கிறவங்க சுவரை வெட்டவே வேண்டாம். கேசிங் கேப்பிங் பட்டையை ஓரம் பாத்து, கதவு நிலையை ஒட்டி அடிச்சு, சுவத்துக் கலர்லயே பெயிண்ட் அடிச்சுருங்க. எலி கடிச்சாலும் பட்டையைத் திறந்து பாத்துக்கலாம்.

கடைசியா, முக்கியமானது. பூசுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவத்துலயும் டேப்பை வச்சு போட்டோ எடுங்க. போன்ல மட்டும் வச்சுக்காதீங்க, போன் போயிரும். பிரிண்ட் போட்டு மெயின் போர்டு பெட்டிக்குள்ள ஒட்டுங்க. அந்தப் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கான்னும் பாத்துக்கங்க. ஏசி லைனைப் பிடிச்ச ஆணியில கை பட்டாலும், உயிரைக் காப்பாத்த வாய்ப்பு இருக்கிற சாமான் அது.

எங்க வீட்ல அந்த ஒயரை அப்படியே கைவிட்டுட்டோம். இப்ப ஹால் ஓரமா ஒரு பட்டை ஓடுது. அப்பா பாத்தா திட்டுவாரு. அம்மாகிட்ட கேட்டேன், அசிங்கமா இருக்காம்மான்னு. "அது இருந்துட்டுப் போகுது. பாட்டைப் போடு"ன்னாங்க.

பி.கு: படம் அதே இடத்துலதான் இருக்கு. ஆணிதான் வேற. மீட்டர் வச்சுப் பாத்துட்டு அடிச்சது.