முன்னால் மண், பின்னால் என்ன?

காஞ்சிபுரம் வட்டாரத்தில் தென்னேரி, உத்திரமேரூர் போன்ற பெரிய ஏரிகளின் வண்டல் வயலுக்குப் போவது நல்லதுதான். ஆனால் அதை அள்ளச் சின்ன டிராக்டரில் லோடர் பூட்டுபவர்கள் பின்பக்க எடையை மறந்துவிடுகிறார்கள். முன்னால் மண் நிறைந்ததும் முன் அச்சே தாங்குபுள்ளியாகிறது, பின்சக்கரம் லேசாகிறது. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டுமே. கரைச் சரிவில், தரையைப் பிடிக்காத சக்கரத்தில் பிரேக் இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன?

டயரில் தண்ணீர் நிரப்பினால் போதாதா என்பார்கள். முக்கால் பங்கு தண்ணீர் நல்ல பிடிப்புத் தரும். நீர் உறையாத நம் ஊரில் குளிர்நாடுகளைப்போல உப்புக் கரைசல்கூட வேண்டாம். ஆனால் அந்த எடை பின் அச்சோடு நின்றுவிடும், முன் அச்சின் சுமையைக் குறைக்காது. அகலமான டயரும் அப்படித்தான்: சேற்றில் அழுத்தத்தைப் பரப்பும், எடையை நகர்த்தாது. அச்சுக்குப் பின்னால் தொங்கும் கான்கிரீட் கட்டையோ ரோட்டவேட்டரோதான் தராசின் மறுதட்டுபோல முன்பக்கச் சுமையையும் இலேசாக்கும். கூடுதல் எடை நெல்வயலை இறுக்கிவிடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் உழவுக்கு முன் கழற்றி வைக்கக்கூடிய எடை வேண்டும் என்கிறேன். லோடர் விற்பவர்கள் பின் எடையையும் சேர்த்தே விற்கட்டும்.