ஜாரவாக்களை விட்டுவிடுங்கள்

முதுகலை உளவியல் மாணவர்கள் அந்தமானில் எதையெல்லாம் ஆராயலாம் என்று காலாண்டு ஆய்விதழ் ஒன்று அண்மையில் பட்டியல் போட்டிருக்கிறது. ஜாரவாக்களின் நினைவாற்றல், ஜாரவாக்களின் அச்சம், ஜாரவாக் குழந்தைகளின் விளையாட்டு. போனால் போகிறதென்று கடைசியில் சுனாமி. தீவுகள் 'இயற்கை தந்த ஆய்வுக்கூடம்' என்று முத்தாய்ப்பு வேறு.

ஜாரவாப் பழங்குடியினர் சில நூறு பேர்தான். 1956-ன் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, அனுமதியில்லாமல் அவர்கள் காட்டுக்குள் கால் வைப்பதே குற்றம். அந்தக் காட்டின் வழியே போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில் வண்டிகள் கான்வாயாகத்தான் போகவேண்டும். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. அப்படியும் அவர்களை ஆடச் சொல்லி எடுத்த வீடியோ 2012-ல் வெளியாகி ஊர் சிரித்தது. இப்போது வினாத்தாளோடு போகச் சொல்கிறார்கள்.

பழங்குடிகளை அளந்து பார்க்கும் இந்த ஆசைக்கு வயது நூறு தாண்டிவிட்டது. கேம்பிரிட்ஜில் புலனுணர்வுச் சோதனைகள் நடத்திவந்த ரிவர்ஸ் 1901-ல் நீலகிரி ஏறியபோது, தோடர்களின் பார்வை, நிறமறிதல், வலி எல்லாவற்றையும் அளந்துபார்த்தார். ஆனால் 1906-ல் வந்த அவருடைய 'தோடர்கள்' நூலை எடுத்துப் பாருங்கள்: பக்கம் பக்கமாக நிற்பவை பால்மனைச் சடங்குகளும் வம்சாவளிகளும்தான். அளக்க வந்தவர், உட்கார்ந்து யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதிய மனிதர் ஆனார். (பின்னாளில் முதல் உலகப் போரில் மனம் உடைந்த சிப்பாய்களிடமும் அவர் அதையேதான் செய்தார்: பேசவிட்டுக் கேட்டார்.) அவருடைய மாணவர் ராட்கிளிஃப்-பிரவுன் அதே 1906-ல் அந்தமானுக்குக் கப்பலேறினார். குரு கற்றுக்கொடுத்த வம்சாவளி முறை அங்கே தன் கையில் கைகூடவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்றைய ஆய்வேடுகளில் அப்படி ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும்.

சரி, தீவில் வேறு யார் இருக்கிறார்கள்? 2011 கணக்கெடுப்பில் 3,80,581 பேர். அதில் பழங்குடியினர் 28,530, பெரும்பாலும் நிக்கோபாரிகள். மற்றவர்கள்? கைதிகளின் வழிவந்த, 1942-க்கு முன்பே குடியேறிய 'பிரீ-42' குடும்பங்கள், மாப்பிளாக்கள், கரேன்கள், ராஞ்சிக் கூலிகளின் பேரப்பிள்ளைகள், கிழக்கு வங்க அகதிகள், நம் தமிழர்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்; 2004 டிசம்பர் 26-ல் கடல் அங்கேயும் வந்தது. இரண்டு முறை வேர் பிடுங்கப்பட்ட குடும்பத்தில் பாட்டி பேத்தியிடம் எதைச் சொல்கிறாள், எதை விழுங்கிக்கொள்கிறாள்? பட்டியலில் இது இல்லை.

இன்னொன்றும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி, லட்சம் பேருக்குத் தற்கொலை நாடு முழுக்க 12.4, அந்தமான் நிக்கோபாரில் 42.8. சிக்கிமுக்கு அடுத்த இடம். மக்கள்தொகை சிறியது, விகிதம் ஆண்டுக்காண்டு ஆடும் என்பார்கள். ஆடட்டும், ஓராண்டில் ஏறத்தாழ 170 பேர் போனது போனதுதானே? ஆய்வுக்கூடம் என்கிறவர்கள் கண்ணில் இந்த எண் படவேயில்லை.

சுனாமிக்குப் பின் அங்கே வந்த நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் தீவு மக்களின் மனத்தைப் பார்க்கத் தவறவில்லை. அவர்கள் இடம்பெயர்ந்தவர்களையும் பெயராதவர்களையும் ஒப்பிட்டு, மனநோய் இடம்பெயர்ந்தவர்களிடமே அதிகம் என்று எழுதினார்கள். அடுத்த கேள்வியை அங்கிருந்துதான் தொடங்கியிருக்கவேண்டும்.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆர்வம் மாணவருடையது என்பது விண்ணப்பப் படிவத்தில் மட்டும்தான். தலைப்பைத் தருவது வழிகாட்டி. வழிகாட்டிக்குத் தருவது கையில் தயாராக இருக்கும் அமெரிக்க அளவுகோல். 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி ஐந்து கட்டம், கூகுள் ஃபார்ம், விடுதி வாட்ஸ்அப் குழு, ஒரே வாரத்தில் இருநூறு பேர், எஸ்பிஎஸ்எஸ், வைவா, முடிந்தது. உலக உளவியலே பெரும்பாலும் மேற்கத்தியக் கல்லூரி மாணவர்களை வைத்தே மனித மனம் பேசுகிறது என்று 2010-ல் கனடா ஆய்வாளர்கள் மூவர் போட்டுடைத்தார்கள். நம்மவர்கள் அதை மேற்கோள் காட்டிவிட்டு, நம் கல்லூரி மாணவர்களிடம் அதே படிவத்தை நீட்டுகிறார்கள். இது சலித்தவர்களுக்குத்தான் ஜாரவா ஞாபகம் வருகிறது.

கச்சால் குடும்பங்களைப் பற்றியோ, 42.8 பற்றியோ, சிகிச்சைக்காகச் சென்னைக் கப்பலுக்குக் காத்திருக்கும் நோயாளியின் மனதைப் பற்றியோ ஆய்வேடு எழுதிய மாணவர் யாராவது இருந்தால், சுருக்கத்தைத் தமிழில் அனுப்புங்கள். எட்டுப் பக்கம் ஒதுக்குகிறோம். ஜாரவா என்றால் தபால் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.