சுடாத பீரங்கிகள்

1942ஆம் ஆண்டு யூன் 21ஆம் திகதி இரவு. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு பசிபிக்கில் கலக்கும் இடத்துக்கு அண்மையில், ஐ-25 என்ற யப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் மேலெழுந்து ஸ்டீவன்ஸ் கோட்டையை நோக்கி 17 எறிகணைகளை ஏவியது. கோட்டையின் 10 அங்குலப் பீரங்கிகளுக்கருகே படையினர் உத்தரவுக்காகக் காத்து நின்றனர். உத்தரவு வரவேயில்லை.

கப்பல் வீச்செல்லைக்கு அப்பால் நிற்பதாகக் கணிக்கப்பட்டது; சுட்டால் பீரங்கிகளின் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடும். கட்டளை அதிகாரி மறுத்ததற்கு இவையே காரணம். படையினருக்குக் கடுங்கோபம். ஆனால் அன்றிரவு எவரும் இறக்கவில்லை. சேதமடைந்தவை பேஸ்போல் மைதானத்தின் தடுப்புவேலியும் சில கம்பிகளுந்தான்.

அந்த அதிகாரி செய்தது சரியென்பதே என் கருத்து. எறிகணை விழுந்த ஊர்களில் செய்தி சேகரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருளில் குத்துமதிப்பாகச் சுடுபவனுக்கு வெளிச்சம் காட்டிக்கொடுப்பது வீரமாகாது.

குறை வேறிடத்தில் இருந்தது. 1885இல் ஜனாதிபதி கிளீவ்லன்ட் காலத்தில், போர்ச் செயலாளர் என்டிகொட் தலைமையில் அமைந்த சபையின் பரிந்துரைகளிலிருந்தே இக்கரையோரப் பீரங்கி நிலைகள் பெருகின. மதிலுக்கு மேல் எழுந்து சுட்டு, சுட்ட வேகத்திலேயே பின்வாங்கி மறைந்துகொள்ளும் பீரங்கிகள் அவை. அக்காலத்தில் அற்புதமான ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தாங்கியில் குழாயை அதிகம் உயர்த்த முடியாது. ஆகவே குண்டு தொலைவுக்குப் போகாது. கப்பற் பீரங்கிகளின் வீச்சோ ஆண்டுக்காண்டு நீண்டுகொண்டே போனது. ஸ்டீவன்ஸ் கோட்டையின் ரஸல் பீரங்கி நிலை 1904ஆம் ஆண்டுக்குரியது. 1942இலும் அதையே நம்பியிருந்தார்கள்.

புதியனவற்றைக் கட்டியிருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. மணிலாக் குடாவில் ஒரு சிறு தீவையே வெட்டிச் சமப்படுத்தி, கொங்கிறீற்றால் போர்க்கப்பல் வடிவில் டிரம் கோட்டையை அமெரிக்கர் எழுப்பினர். இரு சுழல்மேடைகளில் நான்கு 14 அங்குலப் பீரங்கிகள். யப்பானியரின் குண்டுமழையிலும் அவை ஓயவில்லை. எனினும் யப்பானியர் லூசோன் தீவின் வேறு கரைகளில் இறங்கி, தரைவழியாக வந்து மணிலாவைப் பிடித்திருந்தனர். 1942 மே 6இல் கொரெகிடோர் சரணடைந்தபோது, உடையாத டிரம் கோட்டையும் சரணடைய நேர்ந்தது.

அமெரிக்காவின் கரையோரப் பீரங்கிப் படை 1950இல் கலைக்கப்பட்டது. ஸ்டீவன்ஸ் கோட்டை இன்று மாநிலப் பூங்கா. பீரங்கிகள் அகற்றப்பட்ட ரஸல் நிலையின் மேல் உல்லாசப் பயணிகள் உலாவுகிறார்கள்.